‘இதர’ பிடிக்காத ஆச்சி

அந்த அம்மாளுக்கு முன்னால் ‘இதர’ என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி கழன்றுவிட்டால் அதற்குப் பிறகு நாம் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இது தெரியாது. காரைக்குடியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. மழை விட்டதும் மானகிரிக் கண்மாய்ப் பக்கம் போய்ப் பறித்து வந்த செடிகளைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்துக் கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தேன். பெயர் தெரிந்தவை தனித்தனிக் கட்டு. பெயர் தெரியாதவற்றை மொத்தமாகச் சேர்த்து, மேலே ‘இதர’ என்று எழுதி அலமாரியில் தள்ளினேன். அந்த அலமாரி எங்கள் துறைக்கும் வேதியியல் துறைக்கும் பொதுவானது. வேதியியல் துறையிலிருந்து வடிதாள் எடுக்க வந்த அவர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

“இதரன்னா யாரு டீச்சர்?”

“பேரு தெரியாத செடிக மேடம்.”

“பேரு தெரியாதது ஒங்களுக்கு. அதுக்குச் செடி என்ன பண்ணும்? ‘எனக்குத் தெரியாதவை’ன்னு எழுதுங்க. யாரு மேல கொறைன்னு தெளிவா இருக்கும்ல?”

எனக்கு வாய் சும்மா இருக்காது. என் அம்மாவும் சித்தியும் திருப்பத்தூர்ப் பக்கம் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாரம்மாக்கள். பதிலுக்குப் பதில் பேசியே வளர்ந்த வீடு. அன்றைக்கு மட்டும் பேனாவை எடுத்து அவர் சொன்னபடியே எழுதினேன். அந்தத் துறையில் நான் எழுதிய முதல் உண்மையான வாக்கியம் அதுதான் என்று பிற்பாடு அவரே கேலி செய்வார்.

நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. அமிலம் தெறித்துப் பொத்தல் விழுந்த பருத்திச் சேலை. வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரல். நகரத்தார் வீட்டுப் பெண் என்பதால் வாட்ச்மேன் முதல் முதல்வர் வரை எல்லாருக்கும் அவர் ஆச்சிதான். சீக்கிரமே எனக்கும் ஆச்சியாகிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடு அவர்களுடைய பெரிய வீட்டில் இருந்தார். ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் அவரிடம் ஒரு வகை இருந்தது: வேலையில்லாதவர்கள்.

அவருடைய ஆராய்ச்சி லிக்னன்களைப் பற்றியது. செடிகளுக்குள் இருக்கிற ஒரு கூட்டம் வேதிப்பொருள்கள். அவர் அறைச் சுவர் முழுக்க ஒரு அட்டை. அதில் குடும்பம் குடும்பமாகப் படம் வரைந்து வைத்திருந்தார். பின்னாளில் ஓய்வு பெற்றுத் தங்கையோடு இருக்கலாம் என்று கோயம்புத்தூர் போனபோது மேசை நாற்காலியை விட்டுவிட்டு அந்த அட்டையைத்தான் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மின்விசிறி மாட்ட வந்தவர் அதைப் பார்த்து ‘இது என்ன கோலமா’ என்று கேட்டுவிட்டு, ஆச்சி சொன்ன விளக்கத்தில் வேலையை மறந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்.

“எல்லாச் செடியிலயும் ஒரு சின்னச் சாமான் இருக்கு டீச்சர். ஆறு கண்ணியில ஒரு வளையம், அதுல மூணு கண்ணியில ஒரு வாலு. கண்ணியெல்லாம் கார்பன். இந்த மாதிரி ரெண்டு பேரு, வாலோட நடுக் கண்ணியும் நடுக் கண்ணியுமாச் சேந்துக்கிட்டா அது லிக்னன். வேற எங்குட்டாச்சும் சேந்துக்கிட்டா நியோலிக்னன். ஆளுக அதே ஆளுகதான். எங்க கை கோத்திருக்காகன்னு பாத்துத்தான் குடும்பம் பிரிக்கணும்.”

“மூணு பேரு சேந்தா?”

“ஒன்னரை லிக்னன்.”

“ஒன்னரையா? என்ன ஆச்சி, ரவிக்கைத் துணியா?”

“ரெண்டு பேரு ஒன்னுன்னா மூணு பேரு ஒன்னரைதானே? தாவரவியலுக்குக் கணக்கு வராதாக்கும்.”

ஒரு கார்பன் குறைந்துபோனால் அதற்கு ஒரு பெயர். பாதி இந்தக் கூட்டத்து ஆள், பாதி வேறு கூட்டத்து ஆள் என்றால் அதற்கும் ஒரு பெயர். எள்ளில் இருக்கிற செசமின் இந்த வீடு, வால்மிளகில் இருப்பது அந்த வீடு, கீழாநெல்லியில் இருப்பவை பக்கத்து இரண்டு வீடுகள் என்று விரலால் காட்டிக்கொண்டே போவார். கடைசியில் அறையின் தேக்குக் கதவைப் படாரென்று தட்டுவார். “இதுக்குள்ள இருக்குறது லிக்னன் இல்ல, லிக்னின். அதுவும் அதே ஆளுகதான். கணக்கு வழக்கில்லாமச் சேந்துட்டாக. கூட்டம் பெருத்துப்போனா வேலை மாறிருது, மரத்தை நிமித்தி வைக்கப் போயிட்டாக. பாத்தீகளா, யாரையாச்சும் தெருவுல நிறுத்தியிருக்கோமா?”

அதுதான் அவருடைய சங்கடம். யாரும் தெருவில் நிற்கக் கூடாது.

அவருடைய அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். பந்திக்குப் போகிற வாசலில் ஆச்சி நின்றார். வருகிற ஒவ்வொருவரையும் யார், யாருக்கு என்ன உறவு என்று விசாரித்து உள்ளே அனுப்பினார். மணப்பெண்ணோடு படித்தவளின் அப்பா, வீடியோக்காரரின் மைத்துனர், பூக்கட்டுபவரின் சம்பந்தி என்று ஒரு ஆள் விடாமல் முறை கண்டுபிடித்துவிட்டார். பந்தி தாமதமாகிறது, எல்லாருக்கும் பசி. நான் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

“எல்லாருக்கும் எலை போட்டாப் போதாதா ஆச்சி? யாரா இருந்தா என்ன?”

“போடத்தான் போறோம். யாருக்குப் போடுறோம்னு தெரிஞ்சு போடுவோம்.”

சந்தன நிறப் பட்டுச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் எதிலும் அடங்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் எல்லாரையும் ஆச்சி சட்டை போடாத வயதிலிருந்து பார்த்தவர். மாப்பிள்ளை பெயர் என்ன என்று கேட்டதும் அவர் வேறு பெயர் சொன்னார். அவர் போக வேண்டிய கல்யாணம் அடுத்த தெரு மண்டபத்தில். மனிதர் வெலவெலத்துப் போனார். ஆச்சிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. விடை கிடைத்துவிட்டதே.

“கெளம்பாதீக. உள்ள வந்து மொதல்ல பணியாரம் சாப்புடுங்க, அப்புறம் அங்குட்டுப் போவோம்,” என்று பக்கத்திலேயே நின்று பரிமாறவைத்தார். கையலம்பியதும் காரில் ஏற்றி அந்த மண்டபத்துக்கு அனுப்பினார். வீடியோக்காரரைக் கூப்பிட்டு அவரை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் அந்த வீட்டு ஆல்பத்தில் வாயில் பணியாரத்தோடு ஒருவர் இருக்கிறார். கீழே ‘அடுத்த தெருக் கல்யாணத்து விருந்தாளி’ என்று ஆச்சியின் கையெழுத்து.

அவரோடு வீட்டில் இருப்பது லேசான காரியம் இல்லை. அண்ணன் மனைவியை அந்த வீடுகளில் அண்ணமிண்டி என்பார்கள். அந்த அண்ணமிண்டி பொறுமையான பெண்மணி. ஒரு நாள் அந்தப் பொறுமையும் போயிற்று. அதற்குக் காரணம் நான். அந்த வீட்டில் கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே, கல்பாசி என்பது செடியே இல்லை, பாசியும் பூஞ்சையும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். ஆச்சி சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய் மசாலா டப்பாவிலிருந்து கல்பாசியைப் பொறுக்கித் தனிக் கிண்ணத்தில் போட்டார். பட்டையும் சோம்பும் அன்னாசிப்பூவும் ஓர் இடம், இது வேறு இடம்.

“இத்தன வருசமா அது அந்த டப்பாவுலதான் கெடந்துச்சு. கொழம்பு என்ன கெட்டா போச்சு?” என்றார் அண்ணமிண்டி என்னைப் பார்த்து. “டீச்சர், நீங்க இனிமே சாப்புட மட்டும் வாயைத் தொறங்க.”

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குச் சிரிப்பாக இல்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் பணியாளர் பெயர்களை ஒட்டுவார்கள். துறை துறையாக நிரந்தர ஆசிரியர்கள். எல்லாருக்கும் கீழே, தோட்டக்காரர், தற்காலிக ஆசிரியர்கள், கேண்டீன் பொறுப்பாளர் எல்லாரையும் சேர்த்து ‘இதர பணியாளர்கள்’. என் பெயர் அங்கேதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி வேலை உண்டா இல்லையா என்று காத்திருக்கிற கூட்டம். ஆச்சி ஒரு நாள் பேனாவை எடுத்து ‘இதர’ என்பதை அடித்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் செய்கிற வேலையை எழுதிவிட்டார். முதல்வர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். மறுநாள் புதுத் தாள் ஒட்டப்பட்டது. அதில் மறுபடியும் ‘இதர’. ஆச்சி அதன் பக்கமே பார்க்காமல் வேறு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

பிறகு எங்கள் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்தது. விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது அச்சில் வந்திருக்க வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. வயதோ வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்தது கிடையாது. ஆச்சிதான் வழி சொன்னார். கீழாநெல்லியில் இருக்கிற லிக்னன்களை இடத்துக்கு இடம் ஒப்பிட்டுப் பார்ப்போம், செடி உங்கள் பொறுப்பு, உள்ளே இருப்பது என் பொறுப்பு, முதல் பெயர் உங்களுடையது என்றார். இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திருப்பத்தூர்ப் பக்கத்து வயல் வரப்பிலிருந்து கொஞ்சம், மானகிரிக் கண்மாயிலிருந்து கொஞ்சம் என்று பறித்துக் காயவைத்துக் கொடுத்தேன். ஆச்சி அவற்றைப் பொடித்துச் சாறு இறக்கி, பூச்சுத் தட்டில் ஏற்றிப் பிரித்துப் பார்த்தார். அந்தத் தட்டில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்துக்கு ஏறிப் புள்ளியாக நிற்கும். எல்லாம் எதிர்பார்த்தபடி அதனதன் உயரத்தில் வந்து நின்றன. மானகிரிச் செடியில் மட்டும் கூடுதலாக ஒரு புள்ளி. மங்கலானது, நான் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

“அட்டவணையில ‘இதர’ன்னு ஒரு வரி போட்டு முடிச்சிருவோம் ஆச்சி. ஊரு ஒலகமெல்லாம் அப்புடித்தான் போடுறாக.”

கண்ணாடி கழன்றது.

அந்த ஒரு புள்ளிக்காக வாரக்கணக்கில் வேலை நின்றது. நான் தினமும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, பதில் வந்தபோது அது செசமின். எள்ளில் இருக்கிற அதே லிக்னன். கீழாநெல்லியில் இருப்பதாக நாங்கள் படித்த எதிலும் இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுக் கண்டுபிடிப்பு! துறைத்தலைவர் கேசரி வாங்கிவரச் சொன்னார். கட்டுரையின் தலைப்பிலேயே அதைப் போட்டு அனுப்பினோம்; ஏற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. நேர்காணலுக்கு இன்னும் நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் இப்போதே சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார்.

ஆச்சி மட்டும் கேசரியைத் தொடவில்லை. “திருப்பத்தூர்ச் செடியில இல்ல, மானகிரிச் செடியில மட்டும் இருக்குன்னா, அது ஏன் டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மண் வித்தியாசம், தண்ணீர் வித்தியாசம் என்று நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர நம்பவில்லை.

ஒரு நாள் காலை என்னைக் கையைப் பிடித்து ஆய்வகத்துக்குள் இழுத்துப் போனார். மேசையில் ஒரு தட்டு. ஒரு பக்கம் எங்கள் மானகிரிச் சாறு. இன்னொரு பக்கம் அவர் வீட்டு அடுப்படியிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெயை மெத்தனாலில் கலக்கி எடுத்த சாறு. இரண்டிலும் செசமின் ஒரே உயரத்தில் நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னும் மங்கலாக இரண்டிலும் இன்னொரு புள்ளி.

“செசமோலின். எள்ளுல இவுக ரெண்டு பேரும் ஒன்னாத்தான் வருவாக. செசமின் மட்டும் வந்தா வேற செடின்னு நெனைக்கலாம். கூட்டாளியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காகன்னா, இது எள்ளு டீச்சர். கீழாநெல்லி இல்ல.”

எள் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவர்தான் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார். திருப்பத்தூர்ச் செடியைக் கல்லூரி அரவை இயந்திரத்தில் பொடித்தோம். அடுத்த வாரம் அந்த இயந்திரம் கருகிப்போயிற்று. மானகிரிச் செடியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்கட்டில் இருக்கிற கல் உரலில் அவரே இடித்தார். வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் இடித்தார். ஆனால் அந்த உரல் தலைமுறை தலைமுறையாக எள்ளுருண்டை இடித்த உரல். கல் குடித்த எண்ணெய் கழுவினால் போகவில்லை. காய்ந்த இலைத் தூள் அதை உறிஞ்சிக்கொண்டது.

“யாருக்கு ஆச்சி தெரியப் போகுது?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நமக்குத் தெரியும்ல.”

“ஒங்களுக்கு வேலை இருக்கு. சொல்லுவீக.”

ஆச்சி அன்றே பத்திரிகை ஆசிரியருக்குக் கட்டுரையை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டார். நான் அவரோடு பேசுவதை விட்டேன். வராந்தாவில் எதிரே வந்தால் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ தேடினேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மனம் ஒட்டவில்லை. வீட்டில் பாத்திரங்கள் பட்டபாடு வேறு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆச்சி இறங்கினார். சேலை முழங்கால் வரைக்கும் சேறு, முகம் வெயிலில் கன்றிப்போய், கையில் பெரிய துணிப்பை. மானகிரிக் கண்மாய்க்குத் தனியாகப் போய்ப் புதிதாகக் கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்திருக்கிறாராம். மறுபடி செய்தால் நேர்காணலுக்குள் முடித்துவிடலாம் என்றார். பையைக் கூடத்தில் கொட்டினேன். சின்னச் சின்னக் கட்டுகளாக, அழகாகப் பிரித்து நூல் கட்டி வைத்திருந்தார். ஒன்று புளியங்கன்று. ஒன்று தொட்டாச்சிணுங்கி. ஒன்று ஆவாரங்கன்று. இன்னொன்று என்னவென்று எனக்கே விளங்கவில்லை. கீழாநெல்லி மட்டும் மருந்துக்குக்கூட இல்லை.

“எல்லாம் ஒரே மாதிரி சின்னச் சின்ன எலையாத்தான இருக்கு?” என்றார் பரிதாபமாக.

எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் பக்கத்தில் சேற்றோடு உட்கார்ந்துகொண்டு சிரித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் காய் தொங்க வேண்டும், அதுதான் கீழாநெல்லி என்று காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். சோறு சாப்பிட்டுவிட்டு அதே ஆட்டோவில் இரண்டு பேரும் கண்மாய்க்குப் போனோம்.

இந்த முறை புது அரவை இயந்திரம். செசமின் இல்லை, செசமோலின் இல்லை. புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கட்டுரை சாதாரணக் கட்டுரையாகிவிட்டது. ஆனால் அதில் ஆச்சி ஒரு வரி சேர்த்தார்: முதல் ஆய்வில் மானகிரி மாதிரியில் காணப்பட்ட செசமின், இரண்டாம் ஆசிரியரின் வீட்டில் எள் இடிக்கப் பயன்படும் கல் உரலிலிருந்து வந்தது. பத்திரிகை ஆசிரியர் இது அநாவசியம், வேண்டுமானால் ‘இதர மாசு’ என்று குறிப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அவருக்கு ஆச்சி எழுதிய பதிலை நான் பார்க்கவில்லை. கட்டுரை உரலோடுதான் அச்சானது.

நேர்காணலில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்த வரியில் நின்றார். இன்னொரு முறை படித்தார்.

“வீட்டு உரலா?”

“ஆமா சார்.”

“இதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே. பிறகு எதற்காக எழுதினீர்கள்?”

ஆய்வு நேர்மையைப் பற்றி ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த நல்ல நல்ல வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. “எழுதலைன்னா ஆச்சி விட மாட்டாங்க சார்,” என்று வந்துவிட்டது. முதல்வர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் கல்லூரி ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பேராசிரியர் சிரிக்கவில்லை. தன் வீட்டு உரலைக் காட்டிக்கொடுக்கிறவர் கூட இருந்து எழுதிய கட்டுரையில் மற்ற வரிகளையும் நம்பலாம் என்று சொல்லிக் கட்டுரையை மூடி வைத்தார். அன்று சாயங்காலமே எனக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தேன். ஆச்சி வராந்தா பெஞ்சில் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெடச்சிருச்சு ஆச்சி என்றேன். அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

“அண்ணமிண்டி, டீச்சருக்கு ஆயிருச்சு. இனிமே உரலைக் கழுவிக்கலாம்.”

“என்ன ஆச்சி, எந்த உரலு?” என்று நான் குறுக்கிட்டேன்.

“அந்த உரலுதான். அப்புடியே துணியப் போட்டுக் கட்டி வச்சிருக்கேன். யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ‘எங்க அந்த உரலு, காட்டுங்க பாப்போம்’னு கேட்டுட்டாகன்னா? கழுவி வச்சுட்டு முழிக்கவா? பொய் சொல்லி எழுதுனதா ஒங்க மேல பழி வந்துறாது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எள்ளுருண்டை இல்லாமலே தீபாவளி வந்து போயிருந்தது. கார்த்திகை வந்து போயிருந்தது. எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஒரு வீடே உரலைக் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மேல் இவ்வளவு அக்கறை வைத்திருந்த இன்னொருவரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த மனுஷியோடா பேசாமல் இருந்தேன் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன்.

நேராக அந்த வீட்டுக்குப் போனோம். பின்கட்டில் துணி அவிழ்ந்த உரலுக்குள் அண்ணமிண்டி வெந்நீரை ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து எள் வறுக்கிற வாசனை அதற்குள் வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு நிமிர்ந்தார்.

“வாங்க டீச்சர். ஒங்களுக்கு வேலை கெடைக்கணும்னு இந்த வீட்டுல ஒரு ஆளு பாக்கியில்லாம சாமிகிட்ட வேண்டுனோம். ஒங்களுக்காகன்னு நெனச்சுக்கிறாதீக. எல்லாம் எள்ளுருண்டைக்காகத்தான்.”

எனக்குப் பின்னால் நின்ற ஆச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

“தப்பாச் சொல்லாதீக. ரெண்டுக்காகவும் வேண்டுனோம். அதுவும் டீச்சருக்குத்தான் மொதல்ல. சரியாச் சொல்லுங்க,” என்றார்.